இன்சுலின் குளிர்பையும் 22 தீர்த்தமும்

பரமக்குடி வெயிலில் சோதித்தபோது இந்தப் பைக்கு ஐந்துக்கு ஐந்து போடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ராமேஸ்வரம் போய் வந்த பிறகு மூன்றரை.

இன்சுலின் பேனா, அதாவது பேனா மாதிரி இருக்கும் ஊசி, வைக்கும் துணிப்பை இது, 900 ரூபாய். ஐஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளே தைத்திருக்கும் பரல்கள் ஜவ்வரிசி மாதிரி உப்பிக்கொள்ளும், அந்த ஈரம் ஆவியாகப் போகப் போக உள்ளே சூடு குறையும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இப்படித்தானே.

எனக்கு 11 வயதில் வந்த டைப் 1 சர்க்கரை, இப்போது 23. ஒரு நாளைக்கு நாலு ஊசி. கையிருப்பு இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டிருக்கும் பேனா வெளியில் தாங்கும், ஆனால் என்னுடையது 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதனாலேயே எந்த ஊருக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவோம்.

வீட்டில் வெளியே 38 இருந்தபோது பைக்குள் 26. அசந்துவிட்டேன். ராமேஸ்வரத்தில் வெளியே 34தான், உள்ளே 29! காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருந்தால் பையின் ஈரம் எங்கே போகும், கடலோரத்தில் துவைத்த துணி காயாத கதைதான். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. லாட்ஜ் அறையில் ஃபேனுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட பிறகு 28க்கு இறங்கியது. மாற்றுப் பேனாவை டீக்கடை ஃபிரிட்ஜில் கேட்டு வைத்தோம், அவர் பாவம் நல்லது செய்வதாக நினைத்து ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்துவிட்டார். உறைந்த இன்சுலின் அப்புறம் உருகினாலும் உதவாது, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஆக இரண்டு நாளும் இந்தப் பையை நம்பித்தான்.

இவ்வளவு பாடுபட்டுப் போனதற்குக் காரணம் அப்பத்தா. 22 தீர்த்தமும் ஆடினால் ஊசி நின்றுவிடும் என்பது அவருடைய 12 வருட நம்பிக்கை. கணையத்தில் அழிந்துபோன, இன்சுலின் சுரக்கும் செல்களை எந்தக் கிணற்றுத் தண்ணீரும் திருப்பித் தராது, ஊசியை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். யார் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் எரிச்சல் வந்த காலம் உண்டு. இந்த முறை எனக்கே போகத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு நானும் அம்மாவும் ஈரத்தோடு ஒவ்வொரு கிணறாகப் போனோம், அப்பத்தா பையை மடியில் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பதிமூன்றாவதில் கை நடுங்கியது. விரலைத் துடைத்துக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 64, ரொம்ப இறங்கிவிட்டது. குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டிவிட்டதும் அப்பத்தாதான். கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அதற்குள் அவர் பையைத் தடவிப் பார்த்து, “ஏத்தா, ஊசியெல்லாம் நனைஞ்சு போச்சேத்தா” என்று பதறி முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைக்கிறார். அது ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும் அப்பத்தா என்றால் கேட்பதாயில்லை. ஊசி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவர்!

கோடி தீர்த்தம் வரை முடித்துவிட்டுத்தான் வந்தேன். முன்பு ஒரு கல்லூரி மாணவி கிளினிக்கில் படிவம் கொடுத்தார், நோயைத் தாங்கக் கடவுள் நம்பிக்கை உதவுகிறதா, வாழ்க்கையில் திருப்தி பத்துக்கு எத்தனை என்று. அன்று 5 போட்டேன். துணி மாற்றிக்கொண்டு தலையில் நீர் சொட்டச் சொட்ட அந்த நீளப் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டிருந்தால் 8 போட்டிருப்பேன். சர்க்கரை குறைந்ததால் அல்ல, மறுநாள் காலையில் 212.

திரும்பும் வழியில் திருப்புல்லாணி. அங்கே பால் பாயசம் பிரசாதம், அதற்குத் தனியாக 3 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் குடித்தேன். “சுகர் வச்சிக்கிட்டுப் பாயசமா” என்று பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்தார், பதில் சொல்லவில்லை.

வாங்குகிறவர்கள் கவனிக்க: பிளாஸ்டிக் கவருக்குள் போடாதீர்கள், காற்றுப் படாவிட்டால் வெறும் ஈரத்துணிதான். இரண்டாம் நாளே லேசான முடை நாற்றம் வந்தது. நாலு நாளாகக் கொடியில் கிடக்கிறது, பரல்கள் இன்னும் முழுதாக வற்றவில்லை. ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போகலாம் என்கிறார் அப்பத்தா. அவருக்கும் இதே மாதிரி ஒரு பை வேண்டுமாம், கண் சொட்டு மருந்து வைக்க.