ஒரே ரோபோ, மூன்று பெட்டிகள்: எதை வாங்கலாம்?

ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் கன்டம் ரோபோவின், நாமே பாகங்களைக் கோத்துக் கட்டும் பிளாஸ்டிக் மாடலை வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது பெட்டியின் மேல் இருக்கும் தர முத்திரைதான். என்ட்ரி கிரேடு, ஹை கிரேடு, ரியல் கிரேடு என்று மூன்று பெயர்கள். முதலாவது சிறுபிள்ளைகளுக்கு, கடைசியானது விவரம் தெரிந்தவர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே மனத்தில் படிந்துவிடுகிறது. விலையும் அதே வரிசையில் ஏறுவதால் சந்தேகமே வராது. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து கோத்துப் பார்ப்பவருக்கு வேறொரு கணக்கு புரியும். இந்தப் பொம்மைகளில் தரத்தின் பெயரைவிட, பாகங்களை வார்க்கும் அச்சு எந்த ஆண்டு உருவாக்கப்பட்டது என்பதுதான் முக்கியம்.

ஒப்பிடுவதற்கு மூன்றிலும் ஒரே ரோபோவை எடுத்துக்கொண்டேன்: ஆர்எக்ஸ்-78-2. 1979-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த தொடரின் நாயக ரோபோ; வெள்ளை உடல், நீல மார்பு, சிவப்புப் பாதம், நெற்றியில் மஞ்சள் கொம்பு. கதைப்படி அதன் உயரம் 18 மீட்டர். மூன்று பெட்டிகளும் 1/144 அளவுதான் என்பதால் கட்டி முடித்தால் மூன்றும் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் தோளோடு தோள் நிற்கும். ரியல் கிரேடு 2010-இல் வந்தது, வரிக்கு முன் விலை 2500 யென். ரிவைவ் என்று அழைக்கப்படும் ஹை கிரேடு 2015-இல் வந்தது, 1000 யென். என்ட்ரி கிரேடு 2020-இல், 700 யென். விலை இறங்க இறங்க அச்சு புதிதாகிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வந்த முதல் பெட்டி. அதற்குப் பசை வேண்டும், பெயின்ட் வேண்டும், பொறுமையும் வேண்டும். இன்றைய பெட்டிகளில் பசையே கிடையாது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று அழுத்தமாகப் பொருந்திக்கொள்ளும். நிறமும் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது.

என்ட்ரி கிரேடிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சொல்வதற்கு அதிகம் இருப்பது அதில்தான். எல்லா மாடல்களிலும் பாகங்கள் ஒரு சட்டத்தில், சிறு காம்புகளால் பிடிக்கப்பட்டுத் தொங்கும். வழக்கமாக அந்தக் காம்பை நிப்பர் என்ற சிறு வெட்டுக்குறடு கொண்டு வெட்ட வேண்டும். என்ட்ரி கிரேடில் காம்பு அவ்வளவு மெல்லியது. பாகத்தைக் கட்டைவிரலால் லேசாகத் திருகினாலே சட்டத்தை விட்டு வந்துவிடுகிறது. கருவி எதுவும் தேவையில்லை. சும்மா மெல்லியதாக்கினால் மட்டும் போதாது, காம்பு விட்ட தழும்பு எங்கே விழும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். பெரும்பாலான தழும்புகள் அடுத்த பாகம் வந்து மூடும் இடத்தில் இருக்கின்றன. அதனால் கத்தியையோ உப்புத்தாளையோ தொடாத ஒருவர் கட்டினாலும் வெளிப்புறம் சுத்தமாக இருக்கிறது.

முகத்தைக் கட்டும்போது இந்தப் பெட்டியின் மேல் மரியாதை கூடுகிறது. பழைய பெட்டிகளில் கண் என்பது ஒரு சின்ன ஸ்டிக்கர். சற்றே கோணலாக ஒட்டினால் ரோபோ மாறுகண்ணோடு உலகைப் பார்க்கும். இங்கே ஸ்டிக்கரே இல்லை. மஞ்சள் நிறப் பாகம் உள்ளே இருக்க, அதன் மேல் கறுப்பு, அதன் மேல் வெள்ளை முகமூடி என்று அடுக்கடுக்காக வைத்தால் கண்ணும், கண்ணைச் சுற்றியுள்ள கருமையும் தாமாகத் தெரிகின்றன. நகத்தின் அளவே உள்ள முகத்தில் இத்தனை அடுக்குகள் பிசிறின்றிப் பொருந்துகின்றன என்றால் அச்சு எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்க வேண்டும்! 700 யென்னுக்கு இது கிடைக்கிறது என்பதை இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

உடம்பின் கோடுகளிலும் இதே சாமர்த்தியம். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வரும் பிளவு, மாடல் கட்டுபவர்களுக்கு எப்போதும் தலைவலி. என்ட்ரி கிரேடில் அந்தப் பிளவையே பல இடங்களில் கவசத் தகடுகளுக்கு இடையே உள்ள கோடு போலக் காட்டிவிடுகிறார்கள். மூட்டுகளுக்குள் மென்மையான ரப்பர் போன்ற உறைகள் கிடையாது. வலுவூட்டிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கே தன்மேல் உரசி இறுக்கமாக நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கட்டி முடித்துவிடலாம். கட்டி முடித்த பின் கையில் எடுத்துக் காலை மடக்கி, தோளைத் திருப்பி விளையாடினாலும் எதுவும் கழன்று விழவில்லை. ஒரு பொம்மைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. துப்பாக்கியும் கேடயமும் உண்டு. ரோபோவின் அடையாளமான ஒளிவாளின் கதிர் கிடையாது. தோளில் வைக்கும் பஸூகாவும் இல்லை. ஆயுதங்களே இல்லாத இன்னும் மலிவான பதிப்பும் விற்கிறார்கள் என்பதால் பெட்டியைப் பார்க்காமல் வாங்கினால் ஏமாறலாம். இன்னொரு குறை விசித்திரமானது. எல்லாவற்றையும் நிறுவனமே யோசித்து வைத்துவிட்டதால், கட்டுபவருக்குத் தன் கைத்திறனைக் காட்ட இடம் குறைவு. வெட்டிச் சீவி, தேய்த்துப் பளபளப்பாக்குவதில் இன்பம் காண்பவர்களுக்கு இது சீக்கிரம் முடிந்துபோகும் விருந்து.

ஹை கிரேடு ரிவைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பெட்டிதான், 2020-க்கு முன்பாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே பரிந்துரைத்திருப்பேன். கால் நீண்டு, இடுப்பு சிறுத்து, ஓட்டப்பந்தய வீரன் போன்ற உடல்வாகு. கை, கால் மூட்டுகள் தாராளமாக மடங்கும். ஆனால் காம்புகளை நிப்பரால் வெட்டத்தான் வேண்டும். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துப்போகும் என்பதால், முதலில் சற்றுத் தள்ளி வெட்டிச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, மிச்சக் காம்பை இரண்டாவது வெட்டில் நீக்கி, கடைசியில் உப்புத்தாளால் தேய்ப்பது வழக்கம். நீல மார்பில் வெளுத்த தழும்பு பளிச்சென்று தெரியும். வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. நகவெட்டியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சமாளிக்கலாம், ஆனால் அதன் வளைந்த வாய் பாகத்தையும் சேர்த்துக் கடித்துவிடும். கண்ணுக்கு மின்னும் ஸ்டிக்கர் தருகிறார்கள். சாமணத்தால் பிடித்து ஒட்டுங்கள்.

என்ட்ரி கிரேடை இது வெல்லும் ஒரே களம் ஆயுதச் சாலை. துப்பாக்கி, பஸூகா, கேடயம், இளஞ்சிவப்பாக ஒளி ஊடுருவும் கதிரோடு இரண்டு ஒளிவாள்கள். வாளை ஓங்கி நிற்கும் தோரணையில் அலமாரியில் வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், 300 யென் கூடுதலாகக் கொடுத்து இதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உடம்பை மட்டும் ஒப்பிட்டால் தம்பி அண்ணனை மிஞ்சிவிட்டான்.

இனி ரியல் கிரேடு. பெட்டியைத் திறந்ததும் யாரையும் வாயடைக்கச் செய்யும் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு சட்டத்தில் ரோபோவின் எலும்புக்கூடு அப்படியே கோக்கப்பட்ட நிலையில் தொங்குகிறது. வெட்டி எடுத்து முழங்காலை அசைத்தால் அது மடங்குகிறது. யாரும் கோக்கவில்லை; அச்சுக்குள்ளேயே மூட்டாகப் பிறந்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத பிளாஸ்டிக் வகைகளை ஒரே அச்சில் அடுத்தடுத்துப் பாய்ச்சினால், இரண்டாவது முதலாவதைச் சுற்றி இறுகினாலும் அதனோடு கலக்காது. அதனால்தான் சுழல்கிறது. இந்த எலும்புக்கூட்டின் மேல் கவசத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். காலை மடக்கும்போது உள்ளே இருக்கும் இயந்திரம் தெரிவது போலவும் தகடுகள் சேர்ந்து நகர்வது போலவும் வடிவமைத்திருக்கிறார்கள். 2009-இல் டோக்கியோவின் ஒடைபாவில் நிறுத்தப்பட்ட 18 மீட்டர் சிலையைப் பார்த்துச் செய்த வடிவம் இது. வெள்ளையிலேயே இரண்டு சாயல்கள் இருப்பதால் பெயின்ட் அடிக்காமலே பெரிய இயந்திரத்தின் தோற்றம் வருகிறது. அலமாரியில் மூன்றையும் வரிசையாக வைத்தால் வீட்டுக்கு வருபவர்கள் கைநீட்டுவது இதை நோக்கித்தான்.

அவர்கள் கைநீட்டும்போதுதான் வயிற்றில் புளி கரைகிறது. எடுத்துப் பிடித்தால் ஏதோ ஒரு தகடு கையோடு வரும். துப்பாக்கியைக் கொடுத்தால் விரல்கள் விரிந்துகொள்ளும், ஏனென்றால் விரல்கள் தனியே அசையும்படி செய்திருக்கிறார்கள். அசைவது வேறு, பிடிப்பது வேறு. நெற்றிக் கொம்பு முள் போல மெல்லியது. முன்கூட்டியே கோத்த மூட்டுகள் முதல் நாள் இறுக்கமாக இருந்து, விளையாட விளையாடத் தளர்ந்துபோகும். தளர்ந்தால் பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை, பிரிக்கும்படி அது செய்யப்படவே இல்லையே! இது அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தின் துணிச்சலான முயற்சி. முயற்சியின் தழும்புகளும் அதன்மேல் இருக்கின்றன.

ஸ்டிக்கர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரியல் கிரேடில் எச்சரிக்கை எழுத்துகள், எண்கள், மின்னும் சிறு பட்டைகள் என்று ஒரு தாள் நிறையத் தருகிறார்கள். சில அரிசி அளவுகூட இல்லை. ஒட்டினால் தோற்றம் பல மடங்கு உயர்கிறது என்பது உண்மை. ஒட்ட ஒரு மாலை முழுதும் போய்விடும் என்பதும் உண்மை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மார்பு, தோள், கேடயம் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டால் பார்வைக்கு அதுவே அழகு.

கோடுகளைக் கறுப்பு மையால் எடுத்துக்காட்டுவது பலருக்கும் பிடித்த வேலை. இதில் ஓர் எச்சரிக்கை. எனாமல் மையையும் அதன் கரைப்பானையும் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக்கில் பாய்ச்சினால், இறுக்கத்தில் இருக்கும் பாகம் விரிசல் விட்டு உடையும். ரியல் கிரேடின் மூட்டுச் சட்டத்தில் ஏபிஎஸ் இருப்பதால், மை பூச வேண்டுமானால் வெளித் தகடுகளைப் பொருத்தும் முன்பே தனியாகப் பூசி உலரவிட்டுப் பிறகு மாட்டுவது நல்லது. மெல்லிய முனை கொண்ட மார்க்கர் பேனா போதும் என்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. என்ட்ரி கிரேடில் பாகங்களின் பிளவே கோடாகிவிடுவதால், மார்பிலும் முழங்காலிலும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தாலே போதும்.

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பவர் என்ட்ரி கிரேடைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம். ரியல் கிரேடு பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அந்தக் கொம்பின் கூர்மையைத் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும். இதுவரை ஒன்றையும் கட்டாத பெரியவருக்கும் என் பதில் என்ட்ரி கிரேடுதான். இரண்டாவதாக ஒன்று கட்ட ஆசை வந்தால், அதே ரோபோவை ஹை கிரேடில் மறுபடி வாங்காமல் வேறு ரோபோவின் ஹை கிரேடுக்குப் போகலாம்; எதிரிப் படையின் பச்சை நிற ஒற்றைக்கண் ஸாகுவை இதன் பக்கத்தில் நிறுத்தினால்தான் கதையே நிறைவாகும். நிப்பரை அப்போது வாங்கினால் போதும். மலிவான இருபக்க நிப்பரே தொடக்கத்துக்குப் போதுமானது. ஒருபக்கம் மட்டும் கூராக உள்ள விலை உயர்ந்த நிப்பர் வெட்டும் இடத்தை வெண்ணெய் போல வழித்துவிடும் என்றாலும், தடித்த சட்டத்தை அதால் வெட்டினால் முனை உடைந்துவிடும்.

நம் ஊரில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். மேலே சொன்ன யென் விலை ஜப்பானியக் கடையின் விலை. கப்பல் கட்டணமும் சுங்கவரியும் இடைத்தரகும் சேர்ந்து இங்கே வரும்போது, 700 யென்னுக்கும் 1000 யென்னுக்கும் இருந்த இடைவெளி சில சமயம் காணாமலேயே போகும். விலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஆயுதங்களுக்காக ஹை கிரேடின் பக்கம் தராசு கொஞ்சம் சாயலாம். சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளை விட்டுவிடுங்கள். அச்சைத் திருடி வார்த்த போலிகளில் மூட்டுத் துளைகள் பொருந்தாமல் இம்சை கொடுக்கும்.

ரியல் கிரேடு யாருக்கு? தொடாமல் பார்த்து ரசிக்கத் தெரிந்தவருக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் மேசை விளக்கின் கீழ் செலவழிப்பதில் வருத்தப்படாதவருக்கு. அவர்களுக்கும் 2010-இன் பழைய பெட்டியை நான் சொல்லமாட்டேன். 2024-இல் இதே ரோபோவுக்கு ரியல் கிரேடில் 2.0 பதிப்பு வந்துவிட்டது. வரிக்கு முன் 3500 யென். முன்கூட்டியே கோத்த எலும்புக்கூட்டைக் கைவிட்டு, என்ட்ரி கிரேடைப் போலவே தனித்தனிப் பாகங்களாகக் கோத்து இறுக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். பழையதும் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, ரோபோவின் பெயரும் ஒன்றே என்பதால் இணையக் கடையில் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. பெட்டியின் மேல் 2.0 என்ற எண் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.