கல்முனை செதுக்க மான் கொம்பா, செம்பா?

சிக்கிமுக்கிக் கல்லிலோ எரிமலைக் கண்ணாடியிலோ அம்புமுனை செதுக்கப் பழகுகிறவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி இது. அமெரிக்காவில் இன்று பொழுதுபோக்காகச் செய்பவர்களில் நிறையப் பேர் செம்புக்கு மாறிவிட்டார்கள். நான் மான் கொம்புக் கட்சி. செம்பு மோசம் என்பதால் இல்லை, கல் எப்படி உடைகிறது என்பதைக் கொம்பு அளவுக்கு வேறெதுவும் கைக்குச் சொல்லித்தருவதில்லை.

முதலில் உருண்டைக் கூழாங்கல்லை ஓரமாக வைத்துவிடலாம். பெரிய கல்லைப் பிளந்து முதல் சில்லுகளை எடுக்க அது கட்டாயம் வேண்டும், அதோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்தது. கடினமான கல் ஒரே புள்ளியில் மோதுவதால் சில்லு தடிமனாக, அடிவாய் (அடி விழுந்த முனை) புடைத்துக்கொண்டு வரும். மெல்லிய முனையை அதால் தட்டினால் நடுவில் இரண்டாக உடைய வாய்ப்பு அதிகம்.

கொம்பு வேறு மாதிரி. மூஸ் மானின் கொம்பு அடிப்பாகத்தை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, முனையை அரத்தால் உருட்டிவிட்டால் நல்ல சுத்தியல் கிடைக்கும். அடிக்கிற கணத்தில் கல்லின் விளிம்பு கொம்புக்குள் துளி கடித்துக்கொள்கிறது, விசை ஒரே புள்ளியில் குத்தாமல் கொஞ்சம் பரவி இறங்குகிறது, அதனால் சில்லு அகலமாக, மெலிசாக, சமயத்தில் முனையின் நடுக்கோட்டைத் தாண்டியும் ஓடுகிறது. எடுத்த சில்லின் அடிவாயைப் பாருங்கள், பெரும்பாலும் உதடு மாதிரி ஒரு சிறு மடிப்பு இருக்கும், புடைப்பு அவ்வளவாக இருக்காது. ஆனால் ஒரு நிபந்தனை. அடிக்கும் விளிம்பை மணற்கல்லில் தேய்த்துத் திடமாக்காவிட்டால் அது நொறுங்கும், சில்லு பாதி வழியில் படி விழுந்து நின்றுவிடும், அந்தப் படியை அப்புறம் சரி செய்வது பெரும்பாடு. கொம்பு காய்ந்தே இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நனைந்தால் இளகிவிடும்.

செம்புச் சுத்தியல் என்பது குழாய் வேலைக்கு விற்கும் செம்பு மூடிக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி மரக் கைப்பிடியில் மாட்டியது. சின்னதாக இருந்தாலும் நல்ல கனம், தேய்மானம் குறைவு, எடை மாறாது என்பதால் ஒவ்வொரு அடியும் முந்தையதைப் போலவே விழும். நாள் முழுக்க முனை செய்து விற்பவர் இதை எடுப்பதில் எனக்கு வியப்பே இல்லை. ஆனால் கல் இதில் கொம்பில் போலக் கடித்துப் பிடிப்பதில்லை, அடி கூர்மையாக விழுகிறது. என் கையில் கொம்புச் சில்லு செம்புச் சில்லை விட அகலமாகவே வருகிறது.

அழுத்திச் சில்லு பெயர்க்கும் கடைசிக் கட்டத்தில் செம்பு நிஜமாகவே முந்துகிறது. கொம்புக் கிளையின் நுனி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி அரம் போடவேண்டும். செம்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கடினமாக்கிவிட்டால் நெடுநேரம் தாங்கும். அம்புமுனையின் அடியில் நூல் சுற்றக் குறுகலான வெட்டு எடுக்கவும் செம்பு நுனிதான் எளிது.

பழங்காலத்தவர் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டு பழமையான கொம்புச் சுத்தியல் கிடைத்திருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியம் 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்ஸி, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவரிடம் செம்புக் கோடரி இருந்தது, ஆனால் கல்லைக் கூராக்க வைத்திருந்ததோ மான் கொம்பு. பட்டை உரித்த லிண்டன் மரக் குச்சியின் நடுவே நெருப்பில் வாட்டிய கொம்பு முள்ளைச் செருகியிருக்கிறார், அச்சு அசல் தடித்த பென்சில், நுனி தேய்ந்தால் மரத்தைச் சீவிக்கொள்ளலாம். செம்பு அன்று அரிது என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்தக் கருவியில் உள்ள யோசனையைப் பாருங்கள், கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியவர் செய்தது போலவா இருக்கிறது? மறுபக்கம், 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி, இரும்பு நுனி வைத்த கருவியால் கண்ணாடிப் புட்டியில்கூட அருமையான அம்புமுனைகள் செய்தார். உலோகம் வைத்துச் செய்தால் கலை போய்விடும் என்பவர்கள் அவர் செய்தவற்றைப் பார்க்கவேண்டும்.

எதை எடுத்தாலும் கண்ணாடி அணியுங்கள், திறந்த வெளியில் உட்காருங்கள். சிக்கிமுக்கித் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் முயல்பவர்களுக்கு: புள்ளிமானோ கடமானோ தானாக உதிர்த்த கொம்பு காட்டில் கிடந்தாலும் எடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே நடைமுறையில் செம்புதான் வழி. தட்டுவதற்குக் கனமான வைரம் பாய்ந்த மரக்கட்டையும் உதவும், பிரான்சின் தொல்லியலாளர் பிரான்சுவா போர்து மரக்கட்டையால் தட்டிப் பல கருவிகள் செய்து காட்டியிருக்கிறார். முதலில் தடித்த புட்டியின் அடிப்பாகத்தில் பழகுங்கள், கல் அப்புறம்.