போரூர் சிக்னலில் தெரியும் வித்தியாசம்: மேனுவலா, டி.சி.டி.யா?

"சென்னை ட்ராஃபிக்ல மேனுவல் ஓட்டினா முட்டி போயிடும் சார், பேசாம டி.சி.டி. எடுத்துடுங்க." ஷோரூமில் தவறாமல் காதில் விழும் வசனம். பாதி உண்மை. முட்டி தப்பித்துவிடும்; அது பட வேண்டிய பாட்டைக் கியர்பாக்ஸ் படும். நாலு வருடம் டி.சி.டி. (இரண்டு கிளட்ச் வைத்து, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கியர்பாக்ஸ்) ஓட்டிவிட்டுப் போன வருடம் மேனுவலுக்குத் திரும்பியவன் நான். ட்ராஃபிக்குக்காக டி.சி.டி. வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. வேறு காரணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

கோடிகளில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. நம்மவர்கள் ஆசைப்பட்டு, இ.எம்.ஐ. போட்டு வாங்கும் டர்போ கார்கள்தான்: வெர்ட்டஸ் ஜி.டி., வெர்னா டர்போ, ஐ20 என் லைன். மூன்றுமே 6 கியர் மேனுவலிலும் 7 கியர் டி.சி.டி.யிலும் வந்திருக்கின்றன.

டி.சி.டி. என்பது ஒரே கூட்டுக்குள் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸ் குடியிருப்பது மாதிரி. 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சின் பொறுப்பு. 2, 4, 6 இன்னொன்றின் பொறுப்பு. மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்கு மாட்டித் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விடுகிற நேரத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும், இழுவை அறுபடாது. இந்த வேகத்தைக் கையால் ஜெயிக்க முடியாது. போர்ஷே 911 ஜி.டி.3க்கு கம்பெனி சொல்லும் கணக்கே 100 கி.மீ. வேகம் தொட டி.சி.டி.யில் 3.4 விநாடி, மேனுவலில் 3.9. ஆனாலும் 2013இல் ஜி.டி.3யிலிருந்து மேனுவலைத் தூக்கிய அதே போர்ஷே, 2017இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் விநாடியை மட்டும் எண்ணுவதில்லை.

சரி, போரூருக்கு வருவோம். மே மாதச் சாயங்காலம், ராமாபுரம் தாண்டி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து. அது நாலடி நகர்ந்தால் நானும் நாலடி. நான் பிரேக்கைப் பாதி விடுவேன், வண்டி தானாக நகரும், மறுபடி மிதிப்பேன். முக்கால் மணி நேரம் இப்படிப் போனதும் மீட்டரில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரங்கட்டு என்று எச்சரிக்கை வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். தப்பில் பாதி என்னுடையது. அந்த நாலடி நகர்வு ஒவ்வொன்றும் டி.சி.டி.க்கு ஹாஃப் கிளட்ச்தான். மேனுவலில் ஹாஃப் கிளட்ச்சில் இழுத்தால் காலும் வலிக்கும், கிளட்ச் வாடையும் மூக்கில் ஏறும், நாமே நிறுத்திவிடுவோம். டி.சி.டி.யில் அந்த உறுத்தல் நமக்கு வராது.

அதிலும் இந்த விலைக் கார்களில் இருப்பது பெரும்பாலும் ட்ரை கிளட்ச். சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய்க் குளியல் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் தன் டி.சி.டி.க்கு வைத்திருக்கும் பெயர் டி.எஸ்.ஜி. அதன் 7 கியர் ட்ரை டி.எஸ்.ஜி. தாங்குவதற்கென்று வரையறுத்திருக்கும் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, 250 நியூட்டன் மீட்டர். வெர்ட்டஸ் ஜி.டி.யின் 1.5 இன்ஜின் தருவதும் சரியாக 250.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு வைத்தியம் இருக்கிறது. முன்வண்டி நகர்ந்த உடனே பின்னால் ஒட்டாதீர்கள். இரண்டு கார் இடைவெளி விழட்டும், அப்புறம் கிளட்ச் முழுதாகப் பிடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் போய், பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோ புகும், ஸ்கூட்டர் புகும், பின்னால் இருப்பவர் ஹாரனிலேயே திட்டுவார். கத்திப்பாரா ஏற்றத்தில் நின்றால் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பிரேக் எதற்கு இருக்கிறது?

டி.சி.டி.யின் சொந்த வீடு ஈ.சி.ஆர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முட்டுக்காடு பாலம் தாண்டிவிட்டால் அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டினால் போதும், லாரியைக் கடந்தாயிற்று. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில்தான் கொஞ்சம் தடுமாறும். மூன்றில் ஏறும்போது அது நான்கை மாட்டி வைத்திருக்கும். நமக்கு வேண்டியதோ இரண்டு. நான்கும் இரண்டும் ஒரே கிளட்ச்சின் பிள்ளைகள் என்பதால் முதலில் நான்கைக் கழற்ற வேண்டும். அரைநொடிக்கும் குறைவுதான், ஆனால் வளைவுக்குள் இருக்கும்போது தெரியும். மேனுவலில் வளைவுக்கு முன்பே இரண்டைப் போட்டுவிட்டேன். அடுத்த வளைவு எனக்குக் கண்ணில் தெரிகிறது, கியர்பாக்ஸுக்குத் தெரியாது. பிரேக்கை விடாமல் பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி கியரை இறக்குவது பத்தில் நாலு தடவைதான் எனக்குச் சரியாக வருகிறது. அந்த நாலுக்காகத்தான் வண்டியை எடுக்கிறேன்.

விலையில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே வித்தியாசம் வரும். செலவு அதோடு நிற்காது. மேனுவல் கிளட்ச் தேய்ந்தால் நல்ல மெக்கானிக் ஒரே நாளில் மாற்றிவிடுவார். டி.சி.டி.யில் கிளட்ச் பேக்கோ, கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸோ போனால் பில் பல மடங்கு, அதுவும் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான். புதுப்பேட்டையில் கிடைக்காத பாகமே இல்லை என்பார்கள். இதை மட்டும் அங்கே போய்த் தேடாதீர்கள். வாரண்டியை நீட்டிக்கப் பணம் கட்டாமல் டி.சி.டி. எடுப்பது சூதாட்டம்.

தினமும் கிண்டி, போரூர், பூந்தமல்லி என்று அலைகிறவர் என்றால் என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. வெர்ட்டஸின் 1.0 இன்ஜினோடு டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வருகிறது; நகரத் தொடங்கும்போது தேயும் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் வகை. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஊர்வதற்கென்றே பிறந்தது.

என் மச்சான் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு டி.சி.டி.தான் எடுத்தார். திட்டவும் முடியவில்லை, அவர் ஆபீஸுக்கு மெட்ரோவில் போகிறார்.