தங்கையின் மோதிரம் வெளுத்தது

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது தங்கைக்கு 6 வயது, எனக்கு 11. நான் அம்மாவோடு திருச்சியிலேயே இருந்துவிட்டேன். அவளை அப்பா கரூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபத்தில் ஒரு பகல் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

நான் சிவப்பு, அவள் கறுப்பு. அவளைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் “மூத்தவள் நிறம் இவளுக்கு வரவில்லையே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வீட்டு வாசலிலேயே சண்டை போட்டிருப்பேன்.

போன வருஷம் கரூரில் ஓர் அழகு நிலையத்துக்கு என் போட்டோவை எடுத்துப் போய், “இந்த நிறம் வர வேண்டும்” என்று கேட்டிருக்கிறாள். மூலிகை கிரீம் என்று சொல்லி ஒரு டப்பா 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ரசீது கிடையாது. டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை. வெளிநாட்டுச் சரக்கென்றால் இருக்க வேண்டிய பதிவு எண்ணும் இல்லை. “தங்கத்தில் படாமல் பூசுங்கள், மூலிகைச் சத்து போய்விடும்” என்று மட்டும் சொன்னார்களாம்.

மூன்றாவது டப்பாவில் முகம் நன்றாகவே வெளுத்தது. எல்லோரும் பாராட்டினார்கள். கூடவே அப்பத்தா போட்ட அரைப் பவுன் மோதிரமும் ஒரு பக்கம் வெள்ளிபோல வெளுத்துவிட்டது. நகை செய்யும் பத்தர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாதரசம் ஏறியிருக்கிறது, இதை எதில் போட்டாய் தாயி?” என்றார். அழகு நிலையத்தில் கேட்டதற்கு, “உங்கள் தங்கம் கலப்படம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் நுரைத்தது. அப்போதுதான் எனக்கு போன் செய்தாள். சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?” என்பதுதான். கேரளத்தில் மலப்புறம் பக்கம் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்கு இதே கோளாறு வந்தது 2023இல் பெரிய செய்தியானது என்றார். பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுத்து, புரதத்தை ஒழுக விடுகிறது. முகத்தில் பூசும் இந்த மாதிரி கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தப்பித் தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். பூசியவரோடு ஒரே துண்டு, ஒரே தலையணை என்றால் பூசாத குழந்தைக்கும் பாதரசம் ஒட்டுமாம்.

கிரீமை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. புரதக் கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. 20 வருஷத்துக்குப் பிறகு இப்போது என் அறையில் என் பக்கத்தில் தூங்குகிறாள். நிறம் பழையபடி திரும்பிக்கொண்டிருக்கிறது. கன்னத்தில் அது திரும்பும் இடத்தைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். அவ்வளவு அழகாக இருக்கிறது.

டப்பாவை மருந்து ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டோம். ரசீது இல்லாததால், அது தங்கள் பொருளே இல்லை என்கிறது அந்த நிலையம். தங்கத்தில் படக்கூடாது என்று சொல்லி உங்களுக்கு யாராவது கிரீம் விற்றிருந்தால் இன்றே நிறுத்துங்கள். டப்பாவைக் குப்பையில் போடாமல் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.