அவசர மின்சுற்றுகளைப் பிரித்துத் தரும் சேவை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் பல மாடி அலுவலகக் கட்டிடத்தில், ஜெனரேட்டர் மின்சாரம் ஒரே டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (மின்தடையின்போது இணைப்பை ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) வழியாகப் படிக்கட்டு விளக்குகளுக்கும் ஏசிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. உயிர்காக்கும் சுற்றுகளையும், நின்றாலும் ஆபத்தில்லாத பளுக்களையும் (மின்சாரத்தை இழுக்கும் சாதனங்களையும்) தனித்தனியே பிரிக்கும் பணியை ஒரு மின் பொறியியல் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். பணி முடிந்து, மாதாந்திரச் சோதனைகளையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வயரிங்கைப் பிரித்த விதம் மிகச் சிறப்பு. பழுதின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களில் எது முதலில் விழ வேண்டும் என்ற ஒத்திசைவில் பெரிய குறை இருந்தது.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 70-ஐ அடிப்படையாகக் கொண்டு அவர்கள் வடிவமைத்தார்கள். அதன் 700ஆம் பிரிவு அவசரச் சுற்றுகளையும், 701ஆம் பிரிவு சட்டப்படி இருந்தாக வேண்டிய மாற்று மின் அமைப்புகளையும், 702ஆம் பிரிவு உரிமையாளர் தம் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் பளுக்களையும் பேசுகின்றன. மின்தடை ஏற்பட்டால் முதல் வகைக்கு 10 வினாடிக்குள்ளும் இரண்டாம் வகைக்கு 60 வினாடிக்குள்ளும் மின்சாரம் கிடைத்தாக வேண்டும். மூன்றாம் வகைக்கு அப்படியொரு கெடு கிடையாது. எங்கள் நிர்வாகம் சர்வர் அறையையும் மேல்தளத்து ஏசியையும் அவசரப் பேனலில், அதாவது அவசரச் சுற்றுகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பலகையில், சேர்க்கச் சொன்னபோது அவர்கள் உறுதியாக மறுத்துவிட்டார்கள். அவசர டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் அவசரப் பளுக்களுக்கு மட்டுமே உரியது என்பது விதி. வெளியிலிருந்து சேரும் ஒவ்வொரு பளுவும் அந்தச் சுற்றில் பழுது நுழைவதற்கு இன்னொரு வாசலைத் திறக்கிறது. வாடிக்கையாளரின் முகம் கோணினாலும் பரவாயில்லை என்று இதைச் சொன்ன நேர்மைக்காகவே அவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடியது.

அவர்களின் உண்மையான திறமை கேபிள் பாதையில் தெரிந்தது. சுவிட்சை இரண்டாக்கிவிட்டு, அதற்கப்பால் எல்லா வயர்களையும் பழைய காண்ட்யூட்டிலேயே (வயர்கள் ஓடும் குழாயிலேயே) ஓடவிட்டால் அது பிரிப்பே ஆகாது, ஏனெனில் பொது வயர் ஒன்று தீப்பிடித்தால் அதனோடு சேர்ந்து அவசர வயரும் கருகும். இவர்கள் அவசரச் சுற்றுகளுக்குத் தனிக் காண்ட்யூட், தனி ஜங்ஷன் பாக்ஸ், தனிப் பேனல் என்று கடைசி விளக்கு வரை கொண்டுபோனார்கள். டிரான்ஸ்ஃபர் சுவிட்சின் பெட்டி போல விதி அனுமதிக்கும் ஒருசில இடங்களில் மட்டுமே இரண்டு வகை வயர்களும் சந்திக்கின்றன. ஒவ்வொரு சுற்றையும் துண்டித்து, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயரான நியூட்ரலைத் தேடியபோது, சில படிக்கட்டு விளக்குகளின் நியூட்ரல் பொது விளக்குப் பேனலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. வரைபடத்தில் பிரிந்தே தெரியும் அந்தச் சுற்று, பொதுப் பேனலில் யாராவது பழுதுபார்க்க அந்த நியூட்ரலைக் கழற்றினால் அணைந்துவிடும். அந்த இடங்களில் எல்லாம் புதிய நியூட்ரல் வயர் இழுத்துக் கொடுத்தார்கள்.

ஒப்படைக்கும் நாளில் பொதுப் பேனலை முழுவதுமாக அணைத்து அவசர விளக்குகள் அனைத்தும் எரிவதைக் காட்டினார்கள். பிறகு அதைத் தலைகீழாக்கி, அவசரப் பேனலை அணைத்து, கட்டிடத்தில் வேறு எதுவும் நிற்கவில்லை என்பதையும் காட்டினார்கள். இந்த இரண்டாம் சோதனைதான் ஒளிந்திருக்கும் இணைப்புகளைக் காட்டிக்கொடுக்கிறது என்பதால், இதைச் செய்யாத எவரிடமும் வேலையை முடிந்ததாக ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. ஜெனரேட்டரின் திறன் போதாதபோது ஏசியை முதலில் துண்டித்துவிடும் ஏற்பாடும் ஒழுங்காகவே இயங்குகிறது.

குறைக்கு வருகிறேன். ஒரு மாதாந்திரச் சோதனையின்போது தண்ணீர் மோட்டாரின் கேபிளில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டது. அதற்குரிய பிரேக்கர் மட்டும் விழுந்திருக்க வேண்டும்; ஆனால் ஜெனரேட்டரின் மெயின் பிரேக்கரே விழுந்து, அவசரப் பேனலும் இருண்டது. கட்டாயமற்ற பளுவின் பழுது உயிர்காக்கும் சுற்றை வீழ்த்தியது என்றால், தனித்தனியாகக் கேபிள் போட்டதன் பயன் பாதி போய்விடுகிறது. பழுதுக்கு மிக அருகில் உள்ள பிரேக்கர் முதலில் துண்டிக்கும்படியும், மேலே உள்ளது அதுவரை காத்திருக்கும்படியும் அமைக்க வேண்டிய இடத்தில், பிரேக்கர்கள் எப்போது விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ட்ரிப் அமைப்புகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விடப்பட்டிருந்தன. புகாரளித்ததும் கூடுதல் கட்டணம் கேட்காமல் எந்த அளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு நேரத்தில் பிரேக்கர் விழும் என்று காட்டும் நேரம்–மின்னோட்ட வரைகோடுகளை ஆராய்ந்து, அமைப்புகளைத் திருத்தி, ஒரு பிரேக்கரையும் மாற்றினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்த ஆய்வு வடிவமைப்பின்போதே முடிந்திருக்க வேண்டியது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள சில ஜங்ஷன் பாக்ஸ்களில் அவசரச் சுற்று என்ற அடையாளம் இல்லாததும், இறுதி வரைபடங்கள் தாமதமாக வந்ததும் சிறிய குறைகள்.

பழைய வயரிங் உள்ள கட்டிடங்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒப்பந்தத்திலேயே பிரேக்கர் ஒத்திசைவு அறிக்கையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.