துர்துக்: தில்லியிலிருந்து போகிறவர்கள் இரண்டு இரவு தங்க வேண்டிய ஊர்

தில்லியில் விற்கும் லடாக் தொகுப்புப் பயணங்களில் துர்துக் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டரில் தங்கல், மறுநாள் துர்துக் போய்த் திரும்பல். கரோல் பாக்கிலும் பஹாட்கஞ்சிலும் நீட்டும் ஏழு நாள் அட்டவணைகள் பலவற்றில் இதே வரிதான். அதை அடித்துவிட்டு 'துர்துக்கில் இரண்டு இரவு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் வேறு முகவரைப் பாருங்கள். ஹுண்டரிலிருந்து ஒரு வழி சுமார் 80 கிலோமீட்டர். மலைச்சாலையில் இரண்டரை மணி நேரம். ஐந்து மணி நேரம் வண்டியில் போய்விட்டால் ஊருக்கு மிஞ்சுவது ஒரு மதியச் சாப்பாடும் அவசர நடையும்தான்.

ஷ்யோக் ஆற்றங்கரையில் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது துர்துக். லே நகரை விட 500 மீட்டருக்கு மேல் தாழ்வு. இந்த ஊரின் செழிப்புக்கு அந்தத் தாழ்வுதான் காரணம். லடாக்கின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு ஒரு போகம் என்றால் இங்கே இரண்டு. வாற்கோதுமை அறுவடை முடிந்த கையோடு பக்வீட் விதைக்கிறார்கள். நவராத்திரி சமயத்தில் தில்லி மளிகைக் கடைகளில் விரத மாவாக விற்கும் 'குட்டு'தான் அது. ஆகஸ்ட் கடைசியில் அதன் பூ வயல் முழுக்க இளஞ்சிவப்பாக விரியும்.

ஊரார் பேசுவது பால்தி. திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மக்கள் முஸ்லிம்கள். 1971 வரை இது பாகிஸ்தான் வசம் இருந்தது. வழியில் வரும் போக்டாங்தான் அப்போது இந்தியப் பக்கத்தின் கடைசி ஊர். அந்த டிசம்பர் போரில் மேஜர் சேவாங் ரிஞ்சன் தலைமையில் லடாக் ஸ்கௌட்ஸ் படை சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் பகுதியைப் பிடித்தது. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகும் இந்தியாவிடமே இருக்கிறது. வெளியூர்ப் பயணிகளுக்கு அனுமதி 2010இல்தான் கிடைத்தது. இதே ஆற்றில் கீழே போனால் பாகிஸ்தான் பக்கத்து ஊரான கப்லு. அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கே பல. ஆகவே 'நீங்கள் எந்த நாட்டுப் பக்கம்' என்கிற மாதிரிக் கேள்வியைத் தயவுசெய்து வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், போதும்.

வழியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. தில்லி சுமார் 216 மீட்டரில் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேர விமானம் உங்களை, நகரை விடச் சற்றுத் தாழ்வான லே விமான நிலையத்தில், 3,256 மீட்டரில் இறக்கிவிடுகிறது. உடம்புக்கு அது தெரியவே சில மணி நேரம் ஆகும். இறங்கிய அன்று தெம்பாக இருக்கிறதே என்று ஊர் சுற்றியவர்களுக்கு இரவில் தலைவலியும் வாந்தியும் வரும். லேயில் இரண்டு முழு நாள் ஓய்வு கட்டாயம். மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைட் மாத்திரை பொதுவாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பார்கள். தில்லியிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

துர்துக் தாழ்வான ஊர்தானே என்று அலட்சியம் கூடாது. போகும் வழியில் 5,359 மீட்டர் கர்துங் லா கணவாயைத் தாண்டியாக வேண்டும். ஷ்யோக்–துர்புக் சாலையில் சுற்றித் திரும்பினாலும் சாங் லா கணவாய் அதே அளவு உயரம். நுப்ராவில் ஒருவருக்கு மலைநோய் முற்றினால் சாலை வழியாகத் தாழ்வான வெளியேற்றம் கிடையாது. அருகில் உள்ள மருத்துவமனை திஸ்கிட்டில். எனவே லேயில் தலைவலி தீராதவரைக் கணவாய்க்குக் கூட்டிப் போகாதீர்கள். கணவாய் உச்சியில் படம் எடுக்க 15 நிமிடம் போதும். காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில் தண்ணீர் கூடும்.

வெளிமாநில வாடகை வண்டியையும் வாடகை பைக்கையும் லடாக்குக்குள் சுற்ற லே டாக்சி சங்கத்தார் விடமாட்டார்கள். வண்டியை லேயில் பேசுங்கள். கடைசி பெட்ரோல் பங்க் திஸ்கிட் பக்கம். பணமும் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

இனி தங்கல். வண்டி சாலையோடு நின்றுவிடும். ஓடையின் அக்கரையில் மேட்டில் இருக்கும் ஃபாரோல் பகுதிக்குப் பாலம் தாண்டி, படியும் சரிவுமாக நடந்துதான் ஏற வேண்டும். சக்கரப் பெட்டி இங்கே வெறும் சுமை. முதுகுப்பை எடுத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சாலையை ஒட்டிய வீடு கேளுங்கள். மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஃபாரோல்தான்: வயல் நடுவே வீடு, இரவெல்லாம் வாய்க்கால் சத்தம். அந்த வாய்க்காலில் சோப்புப் போட்டுக் கை கழுவக் கூடாது. கீழ் வீடுகளுக்கும் அதே தண்ணீர்.

வீட்டுத் தங்கலில் இரவு உணவும் காலை உணவும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். தலைக்கா அறைக்கா என்று முன்பே தெளிவாகக் கேளுங்கள். வெந்நீர் வாளியில் வரும். எல்லா வீட்டிலும் மேற்கத்தியக் கழிப்பறை இருக்காது. உணவில் குறை சொல்ல எதுவும் இல்லை. கிஸிர் என்கிற பக்வீட் ரொட்டி, பார்வைக்கு நம் தடித்த தோசை; தொட்டுக்கொள்ள மூலிகை கலந்த தயிர். வால்நட் அரைத்த குழம்பில் மாவு உருண்டைகள் போட்டுச் செய்யும் பிராக்குவையும் விடாதீர்கள். இவற்றுக்கு இறைச்சி தேவையில்லை, சைவக்காரர்களுக்குச் சிக்கல் வராது. மதியமே சொல்லிவைத்தால்தான் செய்வார்கள். இல்லையென்றால் சோறும் பருப்பும்தான்.

முதல் நாள் மாலை ஊருக்குள் நடக்கலாம். யாப்கோ அரச குடும்பத்தின் பழைய மாளிகை சிறியது, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதைவிட நாங்கள் மதிப்பது 'நங்சுங்': கல்லடுக்கிக் கட்டிய குளிர்க்கிடங்கு. கல் இடுக்கில் வரும் குளிர்காற்றிலேயே வெண்ணெயும் பாலும் கோடையில் கெடாமல் இருக்கின்றன. அவை வீட்டாருக்குச் சொந்தமானவை, கேட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். பெண்களைப் படம் எடுப்பதும் அப்படியே.

இரண்டாம் நாள் காலை தாங். சுமார் பத்துக் கிலோமீட்டர். எதிரே மலைச்சரிவில் பாகிஸ்தான் பக்க ஊர் வெறும் கண்ணுக்கே தெரியும். இது கட்டுப்பாட்டுக் கோடு. நிலைமை மாறினால் அன்றைக்கே மூடுவார்கள். 2025 மே இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது லே விமான நிலையமே சில நாள் மூடப்பட்டது. திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் உபரியாக வையுங்கள். காவல் சாவடி, பதுங்குகுழி, பாலம், தோய்ஸ் விமானத்தளம் எதையும் படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

தில்லிப் பள்ளி விடுமுறையான மே–ஜூனில் போனால் ஆப்ரிகாட் காயாகவே இருக்கும். பூ ஏப்ரலில், பழம் ஜூலை–ஆகஸ்டில். பழத்துக்காகவே போகிறவர்கள் ஜூலைக் கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகஸ்ட் 15 ஒட்டிய நீண்ட வார இறுதியைத் தவிருங்கள், நெரிசல்.

தில்லி ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். நுப்ரா பயணத்துக்கான பதிவையும் கட்டணத்தையும் லேயில் முடித்து, நகல் நான்கைந்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைச் சேர்த்துக்கொண்டால் கவனம்: ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

வாங்கி வர உலர்ந்த ஆப்ரிகாட்டும் அதன் பருப்பெண்ணெயும் நல்லவை. பருப்பில் இனிப்பு, கசப்பு என இருவகை உண்டு. கசப்பானதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் லே விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். மூடியை டேப்பால் சுற்றி, நெகிழிப் பையில் போட்டு, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.