ஈரத்தை விரும்பும் இழை: கான்கிரீட்டில் நைலானும் அதன் போட்டியாளர்களும்

நைலான் நூல் தண்ணீரை உறிஞ்சும். சாதாரண அறைக் காற்றில் கிடந்தாலே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இன்னொரு பிளாஸ்டிக் இழையான பாலிபுரொப்பிலீன் அப்படியல்ல, அதில் ஈரம் ஏறுவதே இல்லை எனலாம். விரிசலைத் தடுக்கக் கான்கிரீட்டில் கலக்கும் நுண்ணிழைகளில் நேருக்கு நேர் மோதுபவை இந்த இரண்டும்தான். விற்பனைக் கையேடுகள் இழுவலிமை எண்களை அடுக்கிக்கொண்டிருந்தாலும், இரண்டையும் உண்மையில் வேறுபடுத்துவது இந்த ஈரக் குணம்தான். நைலானின் பலமும் அதிலிருந்தே வருகிறது, பலவீனமும் அதிலிருந்தே வருகிறது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபாண்டின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935இல் உருவாக்கிய நைலான் 6,6 ஆனாலும், 1938இல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் உருவாக்கிய நைலான் 6 ஆனாலும், அவற்றின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக அமைடு தொகுதிகள் உண்டு. அவை நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். சிமென்ட் குழம்புக்குள் அது எண்ணெய் தடவிய நூல்போல விலகி நிற்கும் என்பதால்தான், தயாரிப்பாளர்கள் அதன்மேல் நீரை ஏற்கவைக்கும் பூச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் சில மணி நேரம்

கான்கிரீட் ஊற்றிய முதல் சில மணி நேரத்தில், அது இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே விரிசல் விடும். உள்ளிருந்து மேலே கசியும் நீரைவிட வேகமாக, வெயிலும் காற்றும் மேற்பரப்பை உலர்த்திவிடுவதே காரணம். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோ நீர் ஆவியாகும் நிலை நெருங்கினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் அளவு. அந்த நேரத்தில் கான்கிரீட்டுக்கு இழுவலிமை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மெல்லிய ஒரு நூலே பெரிய உதவி. நூல் வலுவாக இருக்க வேண்டும் என்பதைவிட, எங்கும் நிறைந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 23 மைக்ரான் தடிமனும் 19 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நைலான் இழையை ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ சேர்த்தால், உள்ளே போவது ஏறத்தாழ ஆறரைக் கோடி இழைகள். முக்கால் மில்லிமீட்டர் தடிமனும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகு இழையை 25 கிலோ கொட்டினாலும் ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் வரும். இளகிய கான்கிரீட்டில் விரிசல் தொடங்கும் ஒவ்வொரு புள்ளியிலும் காவல் நிற்க ஒரு லட்சம் போதாது, கோடிகள் வேண்டும். தளங்களிலும் மேற்பூச்சுகளிலும் இந்தக் கட்டத்துக்கு எஃகை நாடுவது பணத்தை வீணாக்குவது.

இதே வேலையைப் பாலிபுரொப்பிலீனும் செய்யும். வழக்கமான அளவு கன மீட்டருக்கு 0.9 கிலோ, இழைகளின் எண்ணிக்கையும் கோடிகளில்தான். வேறுபாடு மேற்பரப்பில் தெரியும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.91, நீரைவிடக் குறைவு. கலவை சரியில்லாவிட்டால் அது மேலே வந்து பூனைமயிர்போல நீட்டிக்கொண்டு நிற்கும். நைலானின் அடர்த்தி 1.14, ஈரத்தோடு ஒட்டுவதால் குழம்புக்குள் நன்றாகப் பரவி அடங்கிவிடும். மெருகேற்றிய தளமோ, கண்ணுக்குத் தெரியும் சுவரோ என்றால் என் தேர்வு நைலான்தான்.

இங்கே ஒரு விளம்பரக் கூற்றை மறுக்க வேண்டியிருக்கிறது. நைலான் தண்ணீரைச் சேமித்து வைத்து, கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தே ஈரம் கொடுக்கிறது என்கிறார்கள். முழுக்க நனைந்த நைலான்கூடத் தன் எடையில் 9 சதவீதம் அளவு நீரைத்தான் ஏற்கும். 0.6 கிலோவுக்கு அது 54 கிராம். கலவையில் இருப்பதோ 150 லிட்டருக்கு மேல். நாலு கரண்டித் தண்ணீர் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்காது. மேலே சாக்கு விரித்து, நீர் தெளித்து ஈரம் காக்கும் வேலையை எந்த இழையும் ஏற்றுக்கொள்ளாது.

இழை சேர்த்தால் கலவை கெட்டிப்படும் என்பது வேறு விஷயம், அது உண்மை. அந்த ஆறரைக் கோடி இழைகளின் மொத்தப் பரப்பு 90 சதுர மீட்டர் வரும். அத்தனையையும் சிமென்ட் குழம்பு நனைத்தாக வேண்டும். அதனால் கலவை கெட்டியாகத் தோன்றும். உடனே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் இழை தந்த பலனெல்லாம் அந்த வாளியோடு போய்விடும். கலவையை இளக்கும் வேதிப்பொருளைச் சேர்ப்பதுதான் வழி.

இறுகிய பின்

மறுநாள் கதை மாறுகிறது. இறுகிய கான்கிரீட்டின் மீள்விறைப்பு, அதாவது சுமையில் உருமாறாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, 30 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும். நைலான் இழையும் பாலிபுரொப்பிலீன் இழையும் சில ஜிகாபாஸ்கல்தான், எஃகு 200. கான்கிரீட்டைவிட இளகிய இழை, அதுவும் கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, கான்கிரீட்டின் வலிமையை உயர்த்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. நைலான் சேர்த்தால் அமுக்க வலிமை கூடும் என்று யாராவது சொன்னால், சோதனைக் கட்டிகளில் எத்தனையை உடைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்பது நல்லது. கட்டிக்குக் கட்டி இயல்பாக வரும் ஏற்ற இறக்கமே அந்தச் சிறு உயர்வை விழுங்கிவிடும்.

விரிசல் விட்ட பிறகு சுமையைத் தாங்க வேண்டுமென்றால் எஃகுதான். முனை வளைந்த எஃகு இழை விரிசலின் இரு கரைகளையும் கவ்விக்கொண்டு, சிறிது சிறிதாக நிமிர்ந்து, ஆற்றலைத் தின்றுகொண்டே வெளியே வரும். கிடங்குத் தளங்களிலும் சுரங்கப் பாதைகளில் பீச்சியடிக்கும் கான்கிரீட்டிலும் அதற்கு நிகராக நைலான் நுண்ணிழையை வைக்க முடியாது. எஃகின் குறைகள் வேறு: கனம், மேற்பரப்பில் துருப்புள்ளிகள், குழாயில் செலுத்தும்போது அடைப்பு.

இந்த இடத்தில்தான் ஈரக் குணம் நைலானுக்கு எதிராகத் திரும்புகிறது. கான்கிரீட்டின் உட்புறம் நெடுநாள் ஈரமாகவே இருக்கும். ஈரமேறிய நைலான் உலர்ந்த நைலானைவிட வலிமையில் சற்றும், விறைப்பில் கணிசமாகவும் குறைந்துவிடும். நிலையான சுமையில் மெல்ல நீண்டுகொண்டே போகும். உலர்ந்த நூலில் எடுத்த எண்ணை வைத்து ஈரமான கான்கிரீட்டைக் கணக்கிடுவது தவறு. பாலிபுரொப்பிலீனும் சுமையில் நீளும், ஆனால் ஈரத்தால் மாறாது. விரிசலுக்குப் பின் தாங்குவதற்கென்று விற்கப்படும் தடித்த செயற்கை இழைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருப்பது தற்செயல் அல்ல.

காரத்தைப் பொறுத்தவரை நைலானைக் குறித்து அஞ்சத் தேவையில்லை. கான்கிரீட்டின் நுண்துளை நீர் 12.5க்கு மேற்பட்ட பிஎச் அளவு கொண்டது. சாதாரண கண்ணாடி இழையை அது அரித்துவிடும். அதனால்தான் சிர்கோனியா என்னும் ஆக்சைடு கலந்த தனிக் கண்ணாடி தேவைப்பட்டது. பாலியெஸ்டரையும் நாளடைவில் சிதைக்கும். நைலானின் பகை அமிலம். அமிலம் தங்கும் இடத்தில் கான்கிரீட்டே முதலில் கரையும் என்பது வேறு.

தீ

1996இல் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, கான்கிரீட் உறை பல இடங்களில் செதில் செதிலாக வெடித்து உதிர்ந்தது. அடர்ந்த கான்கிரீட்டுக்குள் சிக்கிய நீராவிக்கு வழியில்லை. பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகி, ஆவி போகப் பாதை விடுகிறது. ஐரோப்பிய வடிவமைப்பு விதி உயர்வலிமைக் கான்கிரீட்டுக்கு முன்வைக்கும் வழிகளில் ஒன்று, கன மீட்டருக்கு 2 கிலோவுக்குக் குறையாமல் இந்த இழையைச் சேர்ப்பது. நைலான் 6 உருக 220, நைலான் 6,6 உருக 260 டிகிரி தேவை. சுரங்கம் என்றால் நான் பாலிபுரொப்பிலீனையே சொல்வேன்.

அதே உருகுநிலை தார்க் கலவையில் நைலானுக்குச் சாதகமாகிறது. சூடான தார்க் கலவை 150 முதல் 170 டிகிரியில் கலக்கப்படும். பாலிபுரொப்பிலீன் அங்கே இளகி உருவிழக்கும் அபாயம் உண்டு, நைலான் அப்படியே நிற்கும். எப்பாக்சிப் பிசினும் இழைகளும் சேர்ந்த கலப்புப் பொருள்களில் நைலானின் பணி இன்னும் நுட்பமானது: கார்பன் இழை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய நைலான் வலையை வைத்தால், அடுக்குகள் பிரிந்து உரிவது கடினமாகிறது. அங்கே விறைப்பைக் கார்பன் பார்த்துக்கொள்கிறது. நைலான் தருவது இழுபட்டும் அறாத தன்மை.

பழைய மீன்வலைகளை வெட்டிச் சாந்தில் சேர்க்கும் முயற்சிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. கடலில் கிடந்து மீன்களைக் கொல்லும் வலை, சுவருக்குள் போவது எவ்வளவு நல்லது! ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். செவுள்வலைகள் பெரும்பாலும் நைலான். இழுவலைகளில் பாலிஎத்திலீனே அதிகம். அடுத்தது தடிமன். வலை நூல் 0.3 மில்லிமீட்டர் என்றால், அதே எடையில், அதே நீளத்துக்கு வெட்டினால், நுண்ணிழையைவிட எண்ணிக்கை 170 மடங்கு குறையும். ஆகவே முதல் மணி நேர விரிசலை அது தடுக்கும் என்று நம்பக் கூடாது. உடைந்த சாந்தைப் பிரியாமல் பிடித்துவைக்க உதவும். உப்பு முழுவதும் போகக் கழுவாத வலையைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் போடவே கூடாது. அந்த உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கவைத்துவிடும்.